படித்த அண்ணன் ஏன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை?

கேள்வி: கொரோனா காலத்தில் நானும் கணவரும் எங்கள் முறை வந்ததுமே தடுப்பூசி போட்டுக்கொண்டோம். என் அண்ணன் கடைசிவரை மறுத்துவிட்டார். அவர் பொறியாளர், என்னைவிட அதிகம் படித்தவர். எதையும் நாலு இடத்தில் விசாரிக்காமல் நம்பாதவர். அம்மா அவர் வீட்டில்தான் இருந்தார். அண்ணன் வேண்டாம் என்றதால் அம்மாவும் போட்டுக்கொள்ளவில்லை. 74 வயதில் அந்த நோயிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் அண்ணனும் சரியாகப் பேசிக்கொள்வதே இல்லை. அவர் முட்டாளும் இல்லை, கெட்டவரும் இல்லை. அப்புறம் எப்படி இப்படி ஒரு முடிவு எடுத்தார்? இப்போது என் மகள், தன் 8 மாதக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போடத் தயங்குகிறாள். “மாமா சொல்றதுலயும் ஏதோ இருக்கும்மா” என்கிறாள். கோபப்படாமல் அவளிடம் எப்படிப் பேசுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அன்றைக்கு ஊசி போட்டிருந்தால் அம்மா இன்று இருந்திருப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடுகிறது. அம்மாவின் வயதில் இருந்தவர்களுக்கு அந்தத் தடுப்பூசி மரண ஆபத்தைப் பெருமளவு குறைத்தது. 2020 டிசம்பரில் தொடங்கி முதல் ஓராண்டில் மட்டும் 185 நாடுகளில் அது எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பதிவான மரணங்களை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 1.44 கோடி. பதிவாகாமல் போன மரணங்களையும் சேர்த்து மதிப்பிட்டால் 1.98 கோடி. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்னொன்றையும் மழுப்பாமல் சொல்கிறேன். தனி ஒருவரைக் காட்டி ‘இவர் பிழைத்திருப்பார்’ என்று எந்த மருத்துவராலும் உறுதி தர முடியாது. ஊசி போட்டும் இறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் எடுத்தது தவறான முடிவு. அதற்காக அம்மாவின் மரணத்தை மொத்தமாக அவர் தலையில் ஏற்றிவிட முடியாது.

சரி, அவர் ஏன் மறுத்தார்? அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஏன் போட்டுக்கொண்டீர்கள்?

நான் சமூக மருத்துவத் துறையில் இருப்பவன். அந்த மாதங்களில் தடுப்பூசி முகாம்களில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். வரிசையில் நின்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர்கள் அநேகமாக யாருமில்லை. “எங்க டாக்டர் போட்டுக்கச் சொன்னார்.” “மருமகள் நர்ஸ், அவளே போட்டுக்கிட்டா.” “ஆபீஸ்ல எல்லாரும் போட்டாச்சு.” “பேரனைத் தூக்கணும் சார், அதான்.” என் கதையும் வேறில்லை. ஆய்வறிக்கையின் சுருக்கத்தைப் படித்திருந்தேன், உண்மைதான். ஆனால் நான் பெரிதும் மதிக்கும் மூத்த மருத்துவர் ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் என் மனம் துணிந்தது. நாம் யாரையோ நம்பிப் போட்டுக்கொண்டோம். உங்கள் அண்ணனுக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. படிப்புக்கு இதில் நாம் நினைக்கும் அளவு பங்கில்லை. சொல்லப்போனால், நன்றாகப் படித்தவருக்குத் தன் சந்தேகத்துக்குத் தோதான ஆதாரங்களைத் தேடி அடுக்கும் திறமையும் கூடுதலாகவே இருக்கும்.

அண்ணன் தனக்கு மட்டும் மறுக்கவில்லை, அம்மாவுக்கும் சேர்த்து மறுத்தார். உங்களுக்கு அதிகம் வலிப்பது அதுதான். எனக்கோ அந்த இடத்தில்தான் அவர் மனம் கொஞ்சம் தெரிகிறது. ஊசி போட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது ‘என்னால்’ நடந்தது. போடாமல் நோய் வந்தால் அது ‘தானாக’ வந்தது. செய்து வரும் கேட்டைவிட, செய்யாமல் வரும் கேடு மனதுக்கு லேசாகத் தெரியும். இரண்டாவதன் ஆபத்து பல மடங்கு பெரிது என்று எண்களில் காட்டினாலும் கை நீளாது. உளவியலில் இதைப் பல பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்காக முடிவெடுக்கும் பெற்றோரிடம்.

அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு நடந்ததை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1736இல் அவருடைய மகன் ஃபிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான். வயது 4. எட்வர்ட் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பூசி வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றும், ‘அம்மை குத்துதல்’ என்ற பழைய முறைதான் இருந்தது. அதில் இறந்தவர்களும் உண்டு. ஃபிராங்க்ளின் அந்த முறையை ஆதரித்தவர். மகனுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால் சற்றுப் பொறுக்கலாம் என்று தள்ளிப்போட்டார், அதற்குள் நோய் முந்திக்கொண்டது. குழந்தை அம்மை குத்தியதால்தான் இறந்தான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பவே, அப்படி இல்லை என்று அவரே பத்திரிகையில் அறிவிக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தன் வாழ்க்கை வரலாற்றில், அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை என்று எழுதினார். அதோடு பெற்றோர்களுக்கு ஒன்றையும் சொன்னார்: அம்மை குத்திக் குழந்தை இறந்தால் தங்களை மன்னிக்கவே முடியாது என்று பயந்துதான் பலர் தவிர்க்கிறார்கள், ஆனால் செய்யாமல் விட்டாலும் அதே துயரம் வரலாம், ஆகவே இரண்டில் ஆபத்துக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள் என்று. உங்கள் அண்ணன் இன்று அந்த இடத்தில் இருக்கக்கூடும். அவர் வாய் திறந்து சொல்லாமல் இருக்கலாம்.

இனி நம்பிக்கை. ஊசியை நம்புவது என்றால், அதைச் செய்தவரையும் ஒப்புதல் தந்தவரையும் ‘போட்டுக்கொள்’ என்று சொல்லும் அரசையும் சேர்த்து நம்புவது. இவர்களில் ஒருவர்மேல் கசப்பு இருந்தாலும் போதும், பழி ஊசிமேல் விழும். 1904 நவம்பரில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபோது மக்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். வரலாற்றில் அதற்குத் ‘தடுப்பூசிக் கலகம்’ என்றே பெயர். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் நகரை அழகுபடுத்துவதாகச் சொல்லி ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். சுகாதார அதிகாரிகள் வீடுகளுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். வீட்டை இடித்த அதே கை ஊசியோடு வந்து நின்றால் யார் சட்டைக் கையை மடிப்பார்? அரசு கட்டாயத்தைக் கைவிட்டது. 1908இல் பெரியம்மை அந்த நகரத்தை மிக மோசமாகத் தாக்கியது. மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது, கிருமிக்கு அது தெரியாது.

அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி (சிஃபிலிஸ்) நோய் கண்ட ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே பார்த்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் தரவில்லை. அந்தச் சமூகத்தில் ஒருவர் ‘உங்கள் ஊசி வேண்டாம்’ என்றால் அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின் லேடனின் இருப்பிடத்தை உறுதிசெய்ய, அமெரிக்க உளவுத்துறை மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம் நடத்தியது. விஷயம் வெளியே வந்த பிறகு, போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாகப் போன பெண்கள்மேல் சந்தேகம் முற்றியது. அவர்களில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாரோ செய்த துரோகத்துக்கு அந்தப் பெண்களும், மருந்து கிடைக்காத குழந்தைகளும் விலை கொடுத்தார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இவ்வளவு பெரிய வரலாறுகூட வேண்டாம், ஒரே ஒரு அனுபவம் போதும். முகாமில் ஒரு பெண் திரும்பத் திரும்ப மறுத்தார். நாங்கள் எல்லோரும் புள்ளிவிவரம் சொல்லிக் களைத்துவிட்டோம். கடைசியில் ஒரு செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, “எதை நினைச்சு பயப்படுறீங்கம்மா?” என்று கேட்டார். பல வருடங்களுக்கு முன் அந்தப் பெண்ணின் தங்கை ஒரு மருத்துவமனையில் ஏதோ ஊசி போட்ட அன்றே இறந்திருக்கிறாள். ஏன் என்று இன்றுவரை யாரும் அந்தக் குடும்பத்துக்கு விளக்கவில்லை. அவருக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் பதிலே இல்லை.

உங்கள் அண்ணன் மாதிரி விசாரிக்கும் மனிதர்களுக்குப் பொதுவாக இருந்த கேள்வி வேறு. வழக்கமாகப் பல வருடங்கள் ஆகும் தடுப்பூசி, ஒரே வருடத்தில் எப்படி வந்தது? நியாயமான கேள்வி. இதற்குப் பதிலும் இருந்தது. எம்ஆர்என்ஏ முறையில், அதாவது கிருமியின் ஒரு பகுதியைச் செய்யும் குறிப்பை மட்டும் உடம்புக்குக் கொடுக்கும் முறையில், பல பத்தாண்டு உழைப்பு முன்பே முடிந்திருந்தது. காட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மேன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் முக்கியமான முடிவை வெளியிட்டது 2005இல், அதற்கு நோபல் பரிசு வந்தது 2023இல். 2020 ஜனவரியிலேயே கிருமியின் மரபணு வரிசை வெளியாகிவிட்டது. ஒன்று முடிந்து ஒன்று என்று நடக்கும் பரிசோதனைக் கட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்து நடத்தினார்கள். முடிவு தெரியும் முன்பே பணத்தைப் போட்டு உற்பத்தியைத் தொடங்கினார்கள். நோய் எங்கும் பரவிக்கிடந்ததால், ஊசி வேலை செய்கிறதா என்பது சில மாதங்களிலேயே தெரிந்தது. முதலில் ஒப்புதல் பெற்ற எம்ஆர்என்ஏ ஊசியின் பெரிய பரிசோதனையில் 43,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்ல நேரமில்லை என்று நாங்கள் நினைத்தோம். ‘பாதுகாப்பானது, போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டோம். கேள்வி கேட்டவரை வதந்தி பரப்புபவரோடு சேர்த்து வைத்துப் பேசினோம். அது எங்கள் துறை செய்த தவறு.

பக்கவிளைவு விஷயத்திலும் அப்படித்தான். அடினோவைரஸ் என்ற வேறொரு கிருமியை வாகனமாகக் கொண்ட ஊசிகளுக்குப் பிறகு மிக அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் பிரச்சினை வந்தது. 2021 மார்ச்சில் பல ஐரோப்பிய நாடுகள் அத்தகைய ஓர் ஊசியை நிறுத்திவைத்து ஆராய்ந்தன. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு, பெரும்பாலும் இளைஞர்களுக்கு இரண்டாம் டோஸை ஒட்டி, இதயத் தசை அழற்சி அரிதாக வந்தது. கண்காணிப்பு வேலை செய்ததால்தான் சில மாதங்களில் இவை பிடிபட்டன. டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஊசியின் குறைகளையும் வெளிப்படையாகச் சொன்னால் அந்த நேரத்தில் ஏற்பவர் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் சுகாதாரத் துறைமேல் உள்ள நம்பிக்கை வளர்கிறது. பூசி மெழுகினால் ஏற்பவரும் கூடுவதில்லை, நம்பிக்கையும் போகிறது. அடுத்த பெருந்தொற்று வரும்போது நமக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான்.

அதே சமயம், ஊசிக்குப் பிறகு வருவதெல்லாம் ஊசியால் வருவதும் இல்லை. 45,000 பேர் பங்கேற்ற 12 கொரோனாத் தடுப்பூசிப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தில்லாத வெற்று ஊசி போடப்பட்டவர்களிலும் முதல் டோஸுக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மேல் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொல்லியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு காட்டும்.

மறுத்தவர்கள் எல்லோரும் உங்கள் அண்ணன் மாதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரியவர் மூன்று முறை முகாம் வாசல்வரை வந்து திரும்பினார். வீட்டில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தாராம். உண்மையில் அவருக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும், அதைச் சொல்ல வெட்கம். படுக்க வைத்து, கால் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கித் தளர்த்தச் சொன்னோம். ரத்த அழுத்தம் சரியாமல் பார்த்துக்கொள்ளும் எளிய பயிற்சி அது. போட்டுக்கொண்டு போய்விட்டார். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, தயங்குபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினருக்கு ஊசி பயமே காரணமாக இருக்கலாம் என்கிறது. இன்னும் பலர் மறுக்கவே இல்லை, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2021 முடியும்போது ஏழை நாடுகளில் ஒரு டோஸாவது போட்டுக்கொண்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

வெறுமனே காத்திருந்தவர்களும் உண்டு. பிரான்ஸில் 2018 கருத்துக்கணிப்பில் மூன்றில் ஒருவர் தடுப்பூசிகள் பாதுகாப்பானவை என்பதை ஏற்கவில்லை. அதே நாட்டில் 2021 ஜூலை 12 அன்று, உணவகத்துக்கும் ரயிலுக்கும் சான்று வேண்டும் என்று அதிபர் அறிவித்ததும், ஒரே நாளில் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் முன்பதிவு செய்தார்கள். கட்டாயம் எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் உறுதியாக மறுத்தவரின் மனதை அது மாற்றியதாக நான் பார்க்கவில்லை, கசப்பைத்தான் வளர்த்தது. எனக்குப் பிடித்த உதாரணம் செக் குடியரசு. அங்கே கிட்டத்தட்ட 10,000 மருத்துவர்களிடம் கேட்டபோது 90 சதவீதம் பேர் ஊசியை நம்புவதாகச் சொன்னார்கள். பொதுமக்களோ, மருத்துவர்களில் பாதிப் பேர்தான் நம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ஆதரவாக ஒருவர், எதிராக ஒருவர் என்று உட்கார வைத்தால் வேறென்ன தோன்றும்? உண்மையான எண்ணை ஒரே ஒருமுறை சொன்னதிலேயே, போட்டுக்கொள்பவர்கள் நாலைந்து சதவீதம் கூடினார்கள். ஏச்சும் இல்லை, கட்டாயமும் இல்லை.

இப்போது உங்கள் மகள். தட்டம்மைக் குழந்தையின் புகைப்படத்தை அனுப்பாதீர்கள், ‘பாட்டி எப்படிச் செத்தாங்கன்னு மறந்துட்டியா’ என்றும் கேட்காதீர்கள். 2014இல் அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் குழந்தைகளுக்கான தட்டம்மைத் தடுப்பூசி பற்றிப் பலவிதமான செய்திகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சரியான தகவல், நோயின் விளக்கம், பயமுறுத்தும் படம், இறக்கவிருந்த குழந்தையின் கதை. எதனாலும் குழந்தைக்குப் போடும் எண்ணம் கூடவில்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்று விளக்கியபோது, ஏற்கெனவே தயங்கியவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் போடும் விருப்பம் முன்பைவிடக் குறைந்தது. வாதத்தில் தோற்றவர் வேறொரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

அதனால் கேள்வியில் தொடங்குங்கள். “மாமா சொன்னதுல உனக்கு எது சரின்னு படுது?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இடையில் பேசாதீர்கள். அவள் சொல்லி முடித்ததும், “குழந்தைக்கு உன் கையால ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு, இல்லையா? உனக்கு நான் ஊசி போடக் கொண்டுபோனப்போ எனக்கும் இருந்தது” என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும். பிறகு, “எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?” என்று அனுமதி கேளுங்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரசவம் முடிந்து வார்டில் இருக்கும் தாய்மார்களிடம் இப்படித்தான் பேசுகிறார்கள், அதில் நல்ல பலனும் கண்டிருக்கிறார்கள்.

அவள் ‘சொல்லு’ என்றால் இரண்டே விஷயம் போதும். கொரோனா ஊசி புதியது, மாமா அதைச் சந்தேகப்பட்டார். குழந்தைக்கு அடுத்து வருவது அநேகமாகத் தட்டம்மைக்கானது. நாட்டைப் பொறுத்து 9 அல்லது 12 மாதத்தில் போடுவார்கள். அது 1960களிலிருந்தே பயன்பாட்டில் இருப்பது. இரண்டாவது, எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை கிருமி காற்றில் இருக்கும். குழந்தையை வீட்டிலேயே வைத்துக் காத்துவிடலாம் என்பது இந்த நோயிடம் செல்லாது. ஆட்டிசம் என்று பேச்சு வந்தால், அதைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது என்றும், 2010இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றது என்றும், எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள் என்றும் சொல்லலாம். அவள் கேட்டால் மட்டும்.

ஒரே பேச்சில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அவளுடைய கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொல்லி, குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள். ஊசி போடும் நாளாக அது இருக்க வேண்டாம், கேட்க மட்டும் போகும் நாளாக இருக்கட்டும். கூட நீங்களும் போகலாம், ஆனால் பேசுவது அவளாக இருக்கட்டும். நாள் ரொம்பத் தள்ளிப்போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் தட்டம்மை பரவுவதாகத் தெரிந்தால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அண்ணனிடமும் அந்தச் செவிலியரின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ‘ஏன் போடவிடலை?’ என்று இத்தனை வருடம் மனதில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். “அப்போ நீ எதை நினைச்சு பயந்தே அண்ணா?” என்று கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில் போய்க் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.